யோவான், ஜான், அருளப்பன்: ஒரே பெயர்தான்

என் தாத்தாவுக்கு மூன்று பெயர்கள். பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீனில் ‘யோவான்னெஸ்’ என்று இருக்கும். பென்ஷன் புத்தகத்தில் ஜான். ஊரில் எல்லோருக்கும் அருளப்பன். சின்ன வயதில் ஒருநாள், “இதுல எது தாத்தா உங்க நிஜப் பேரு?” என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “மூணும் ஒண்ணுதான்டா” என்றார். அதற்கு மேல் விளக்க அவருக்கும் தெரியாது. ரொம்ப வருஷம் கழித்து, எபிரேய எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியபோதுதான் தாத்தா சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது.

அந்தப் பெயரின் மூல வடிவம் யோஹனான். எபிரேயத்தில் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். யோத், வாவ், ஹேத், நூன், கடைசியில் மறுபடியும் ஒரு நூன் என்று மொத்தம் ஐந்தே எழுத்துகள். சொல்லின் முடிவில் வரும் நூனுக்கு வால் நீண்டு கோட்டுக்குக் கீழே இறங்கும். அதனால் இந்தப் பெயரை எழுதிப் பார்த்தால் கடைசி இரண்டு எழுத்தும் வெவ்வேறு மாதிரித் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே எழுத்துதான். இந்த எழுத்துகளின் பெயர்கள் தமிழ் வேதாகமம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக இருக்காது. சங்கீதம் 119-ஐத் திறந்தால் எட்டு எட்டு வசனங்களுக்கு மேலே தலைப்பாக நிற்பவை எபிரேய எழுத்துகளின் பெயர்களே.

நடுவில் இருக்கும் ஹேத் கொஞ்சம் சிரமமான ஒலி. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் முன் அதன்மேல் ‘ஹா’ என்று ஆவி விடுவோமே, அதையே தொண்டையை இன்னும் இறுக்கிச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் நாடு விட்டு நாடு போனபோது முதலில் தொலைந்தது இதுதான்.

சரி, பொருள் என்ன? எபிரேயப் பெயர்களில் பெரும்பாலானவற்றை நாம் ‘சொல்’ என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அவை வாக்கியங்கள். எழுவாய் இருக்கும், வினை இருக்கும். நம்மூர்ப் பெயர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. முருகதாஸ், தமிழ்ச்செல்வி எல்லாம் பெயர்ச்சொற்கள் சேர்ந்தவை. நம்மிடமும் வாக்கியப் பெயர் இல்லாமல் இல்லை. அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில் ‘போதும்பொண்ணு’ என்று வைப்பார்கள். அந்த வழக்கம் மனதை வருத்துவது. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். ஆனால் பெயர் வேலை செய்யும் விதத்தை மட்டும் பாருங்கள்: அந்தக் குழந்தை பிறந்த நேரத்தில் வீட்டார் கடவுளிடம் சொன்ன ஒரு வார்த்தை அப்படியே பெயராக உறைந்து நிற்கிறது. எபிரேயப் பெயர்களும் அதே வகைதான். யோசேப்பு என்றால் ‘அவர் இன்னும் சேர்த்துத் தருவார்’. வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த ராகேல், முதல் மகன் பிறந்ததும் இன்னொரு மகனையும் கேட்டு வைத்த பெயர் அது.

யோஹனானில் இரண்டு பகுதிகள். முன்பகுதி ‘யோ’. இது இஸ்ரவேலரின் கடவுளுடைய ‘யாவே’ என்ற நான்கெழுத்துப் பெயரின் சுருக்கம். யூதர்கள் அந்தப் பெயரை வாய்விட்டு உச்சரிப்பதில்லை. நம் மொழிபெயர்ப்புகள் அந்த இடத்தில் ‘கர்த்தர்’ என்றோ ‘ஆண்டவர்’ என்றோ போடுகின்றன. முழு வடிவில் இந்தப் பெயர் யெஹோஹனான் என்று வரும். ‘யெஹோ’ தேய்ந்து ‘யோ’ ஆனது. யோனத்தான், யோசபாத் போன்ற பெயர்களின் தலையில் இருப்பதும் இதே ‘யோ’தான். அதுவே பெயரின் கடைசிக்குப் போனால் ‘யா’ ஆகிவிடும். ஏசாயா, எரேமியா, சகரியா, நெகேமியா என்று வரிசையாகச் சொல்லலாம்.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் ஒரு இடம் உண்டு. தமிழில் ‘யோ’ என்று தொடங்குவதெல்லாம் கடவுள் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. யோனா என்றால் புறா. யோபு வேறு சொல். இப்போது சொன்ன யோசேப்பில் இருக்கும் ‘யோ’ வினைச்சொல்லின் பகுதி. தமிழ் எழுத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் எபிரேய வேரைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

பின்பகுதி ‘ஹனான்’. ஹேத், நூன், நூன் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வரும் வினை. ‘அருள்கூர்ந்தார்’, ‘இரங்கினார்’, ‘தயவு காட்டினார்’ என்று பொருள். கேட்க உரிமையில்லாதவனுக்கு, பெரியவர் ஒருவர் தானாகக் குனிந்து செய்யும் நன்மையை இந்தச் சொல் குறிக்கும். எண்ணாகமம் 6-ல் ஆசாரியர்கள் மக்களை ஆசீர்வதிக்கும் வரிகள் இருக்கின்றனவே, அதில் ‘உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர்’ என்று வரும் இடத்தில் இருப்பது இதே வேர்.

ஆக, யோஹனான் என்றால் ‘யாவே அருள்கூர்ந்தார்’. வினை முற்றுப்பெற்ற வடிவில் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். ‘அருள்வாராக’ என்ற வேண்டுதலாக இல்லாமல், நடந்துவிட்ட ஒன்றைச் சொல்லும் நன்றியாக நிற்கிறது. பெயர்ப் பொருள் சொல்லும் பட்டியல்களில் ‘கடவுளின் பரிசு’ என்று போட்டிருப்பதைப் பார்க்கிறேன். அது தவறு. ‘கர்த்தர் தந்தார்’ என்பது யோனத்தானின் பொருள். அதில் இருக்கும் ‘நாத்தான்’ என்றால் ‘கொடுத்தார்’. ஜானும் ஜொனாதனும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டும் தனித்தனிப் பெயர்கள். பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வேரின் குடும்பம் பெரியது. சாமுவேலின் தாய் அன்னாள், எபிரேயத்தில் ஹன்னா. ‘அருள்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மரியாளின் தாயென்று மரபு சொல்லும் அன்னம்மாள் பெயரும் அதுதான். நம் ஊரில் அன்னம்மாள் என்றால் சோற்றையோ அன்னப் பறவையையோ நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பெயர் தமிழாகிவிட்டது. அனனியா என்பது யோஹனானையே திருப்பிப் போட்டது: முன்னால் ‘ஹனான்’, பின்னால் ‘யா’. பொருள் மாறவில்லை. எனக்கு மிகவும் பிடித்த உறவினர் ஒருவர் இருக்கிறார். கிமு 218-ல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமைக் கலங்கடித்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால். கார்த்தேஜில் பேசிய பியூனிக் மொழி எபிரேயத்தின் உடன்பிறப்பு. ஹன்னி-பால், அதாவது ‘பாகால் அருள்கூர்ந்தார்’. அதே வினை, தெய்வம் மட்டும் வேறு. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகனுக்கும் ஹன்னிபாலுக்கும் இப்படி ஒரு சொந்தம் என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பைபிளில் இந்தப் பெயர் புதிய ஏற்பாட்டில்தான் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எரேமியா 40-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் வீழ்ந்த பிறகு எஞ்சிய படைத்தலைவர்களில் ஒருவர், கரேயாவின் மகன் யோகனான். அந்தப் பகுதி எபிரேயத்திலிருந்து வந்ததால் தமிழில் ‘யோகனான்’. புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்து வந்ததால் அங்கே ‘யோவான்’. ஒரே புத்தகத்துக்குள் ஒரே பெயர் இரண்டு உருவில் இருக்கிறது.

பைபிளுக்கு வெளியேயும் இது எழுத்தில் கிடைத்திருக்கிறது. எகிப்தில் நைல் நதித் தீவான எலிஃபன்டினில் வாழ்ந்த யூதர்கள் கிமு 407-ல் எழுதிய ஒரு மனு பாப்பிரஸில் கிடைத்தது. அதில் எருசலேமின் தலைமைக் குரு யெஹோஹனான் என்று குறிப்பு வருகிறது. கிமு இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் யூதேயாவை ஆண்ட யோவான் ஹிர்கானுவின் பெயர் ‘தலைமைக் குரு யெஹோஹனான்’ என்று செப்புக் காசுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் மக்கபேயர் குடும்பத்தவர். அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் ஐவர்: யோவான், சீமோன், யூதா, எலெயாசர், யோனத்தான். இயேசு காலத்து யூதர்களிடையே இந்தப் பெயர்கள் தெருவுக்குத் தெரு இருந்ததற்கு அந்த வீரர்கள் மேல் இருந்த மதிப்பும் ஒரு காரணம்.

1968-ல் எருசலேமின் வடகிழக்கே கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் கட்டட வேலை நடந்தபோது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. அந்தக் காலத்தில் உடலைக் குகைக் கல்லறையில் கிடத்தி, சதை அழிந்த பிறகு எலும்புகளைச் சேர்த்துச் சின்னக் கல்பெட்டியில் வைப்பார்கள். அப்படி ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கீறி எழுதிய பெயர் யெஹோஹனான். உள்ளே ஒரு குதிகால் எலும்பு. அதன் குறுக்கே பதினொரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்பு ஆணி பாய்ந்திருந்தது. ஆணியின் முனை வளைந்துபோயிருந்ததால் உடலைச் சிலுவையிலிருந்து கீழே இறக்கியபோது பிடுங்க முடியாமல் எலும்போடே புதைத்துவிட்டார்கள். ரோமர்கள் சிலுவையில் அறைந்த ஒருவருடைய எலும்பு, ஆணியோடு, முதன்முதலாக நம் கைக்குக் கிடைத்தது அப்போதுதான். ‘யாவே அருள்கூர்ந்தார்’ என்று அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்த தாய் தகப்பனை நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

இனி யோவான் ஸ்நானகன் பிறந்த கதை, லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம். வயதான குரு சகரியா, அவர் மனைவி எலிசபெத்து. பிள்ளை இல்லை. மகன் பிறப்பான், யோவான் என்று பெயரிடு என்கிறார் கபிரியேல் தூதர். சகரியா நம்பவில்லை, பேச்சு நின்றுபோகிறது. பிள்ளை பிறந்து எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு உறவினர் கூடுகிறார்கள். அப்பா பெயரையே வைத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள். எலிசபெத்து மட்டும், கூடாது, யோவான் என்றுதான் வைக்க வேண்டும் என்கிறாள். உன் உறவில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்று மடக்குகிறார்கள். ‘பேரன்’ என்ற உறவுச் சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்த மொழியில் பேசுகிற நமக்கு அந்த உறவினர்களின் மனக்குறை நன்றாகவே புரியும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு இது எங்கிருந்து வந்தது என்று கேட்காத அத்தை, சித்தப்பா எந்த வீட்டில் இருக்கிறார்கள்? கடைசியில் சகரியா எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி எழுதுகிறார்: “இவன் பேர் யோவான்.” ‘இருக்கட்டும்’ என்றுகூட எழுதவில்லை. முன்பே வைத்தாகிவிட்டது, இனிப் பேச்சில்லை என்பது போன்ற வாக்கியம். உடனே நாவு கட்டவிழ்கிறது.

அதன்பின் அவர் பாடும் பாட்டில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. சகரியா என்றால் ‘யாவே நினைவுகூர்ந்தார்’. எலிசபெத்து என்ற பெயரில் ‘ஆணை’ என்ற சொல் இருக்கிறது. யோவானில் ‘அருள்’. இப்போது 72, 73-ஆம் வசனங்களைப் படியுங்கள். முன்னோருக்கு இரக்கம் செய்யவும், தம் உடன்படிக்கையை நினைக்கவும், ஆபிரகாமுக்கு இட்ட ஆணையை நிறைவேற்றவும் என்று வரிசையாக வரும். மகன், அப்பா, அம்மா என்று மூவரின் பெயர்ப் பொருளும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. லூக்கா கிரேக்கத்தில் எழுதினார், அங்கே இந்த ஒலிப்பொருத்தம் தெரியாது. எபிரேயத்தைத் தெரிந்து படிப்பவருக்குத்தான் அது கேட்கும்.

கிரேக்கத்துக்குப் போனபோதுதான் ஹேத் தொலைந்தது. அந்த ஒலிக்குக் கிரேக்கத்தில் எழுத்தில்லை. ஆண்பால் பெயருக்கு வழக்கமான ‘ஏஸ்’ என்ற முடிவையும் ஒட்டினார்கள். யோஹனான் ‘இயோவான்னேஸ்’ ஆனது. அதுதான் லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. முன்பகுதி தேய்ந்தால் ஜெர்மனியில் ஹான்ஸ். பின்பகுதி தேய்ந்தால் பிரான்சில் ழான், ஸ்பெயினில் ஹுவான். இத்தாலியில் ஜொவான்னி, ரஷ்யாவில் இவான், ஹங்கேரியில் யானோஷ், ஆர்மீனியாவில் ஹொவ்ஹன்னெஸ். அயர்லாந்தின் ஷான், ஸ்காட்லாந்தின் இயன், வேல்ஸிலிருந்து வந்த எவன் எல்லாம் இதே மரத்துக் கிளைகள். ஆங்கிலத்தில் ஜானைச் செல்லமாக ஜாக் என்பார்கள். பெண்பாலில் ஜேன், ஜோன், ஜானெட், இவானா. லூக்கா 8-ல் வரும் கூசாவின் மனைவி யோவன்னாளும் இந்தப் பெயர்க்காரிதான்.

‘ஜா’ என்ற தொடக்கம் மிகவும் பிந்தியது. 1611-ல் அச்சான ஆங்கில பைபிளில்கூட இந்தப் பெயரை ‘ஐ’ எழுத்தில் தொடங்கித்தான் அச்சிட்டிருந்தார்கள். ‘ஜே’ தனியெழுத்தாக நிலைபெற்றது அதற்குப் பிறகு.

அரபு மொழியில் கிறிஸ்தவர்கள் யூஹன்னா என்பார்கள். குர்ஆனில் யோவான் ஸ்நானகனின் பெயர் யஹ்யா. மர்யம் அத்தியாயத்தில், இதற்கு முன் யாருக்கும் இந்தப் பெயரை நாம் வைத்ததில்லை என்று இறைவன் ஜக்கரியாவிடம் சொல்வதாக வருகிறது. வடிவம் மிகவும் விலகியிருந்தாலும், அதே அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தில் யஹ்யாவுக்கு இறைவன் அளித்ததாகச் சொல்லப்படும் குணங்களில் முதலாவது ‘ஹனான்’, அதாவது இரக்கம். கேரளத்தில் சுரியானி மரபு வழியே யோஹன்னான், உலஹன்னான் என்று ஹகரம் பத்திரமாக இருக்கிறது.

தமிழில் நடந்தது இரண்டு வகை. ஒன்று ஒலிவழி. கிரேக்கத்தின் ‘ஏஸ்’ விழுந்து, ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே நம் வழக்கப்படி வகர உடம்படுமெய் வந்து யோவான் ஆனது. ஆங்கிலம் வழியே வந்தது இங்கே ஜான், இலங்கையில் ஜோன்.

இன்னொன்று பொருள்வழி, எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது இதுதான். உலகத்தில் பல மொழிகள் இந்தப் பெயரைக் கேட்டு, தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்லிக்கொண்டன. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதன் பொருள் என்ன என்று கேட்டு அதைத் தமிழில் வைத்தார்கள். அருளப்பர். யோவான் ஸ்நானகன் அவர்களுக்கு ஸ்நாபக அருளப்பர். 1647-ல் லிஸ்பனில் பிறந்து, 1693-ல் ராமநாதபுரம் சீமையின் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த ஜான் டி பிரிட்டோ, மக்கள் வாயில் அருளானந்தர். ஊருக்கு ஊர் அருளானந்தம் என்ற பெயர் இருப்பது அவரால்தான். பவுல் என்றால் லத்தீனில் ‘சிறியவர்’ என்பதால் சின்னப்பர். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால், கத்தோலிக்க வீடுகளில் ‘இரண்டாம் அருள் சின்னப்பர்’. என் தாத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

வீரமாமுனிவர் தேம்பாவணியில் இன்னும் ஒரு படி மேலே போனார். யோசேப்பு ‘சேர்த்துத் தருபவர்’ அல்லவா? அவர் வளன் ஆனார். யோவான் ஸ்நானகன் கருணையன். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில், தாய் எலிசபெத்தை இழந்து காட்டில் தனியே நின்று கருணையன் புலம்பும் பாடல்களைப் படித்திருப்பீர்கள். அந்தப் பெயர் ஹேத், நூன், நூன் என்ற வேரின் நேர்த் தமிழாக்கம் என்று எனக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாட்டு இன்னும் கனத்திருக்கும். அம்மாதான் ஊரையே எதிர்த்து நின்று அந்தப் பெயரை வாங்கித் தந்தவள்.

1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் அருளப்பர் போய் யோவான் வந்துவிட்டார். எல்லாச் சபைகளுக்கும் ஒரே பெயர் வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது, குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் பூசையில் ‘யோவான்’ என்று வாசிக்கும்போதெல்லாம் என் மனசு அதை மொழிபெயர்த்துக்கொள்கிறது. தாத்தாவின் கல்லறைச் சிலுவையில் என்ன பெயர் போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, ஆவணங்களில் இருப்பதால் ஜான் என்று போடலாம் என்றார் சித்தப்பா. பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. சிலுவையில் அருளப்பன் என்று மட்டும்தான் இருக்கிறது.